மீசை சீவும் அட்மிரல்

“உன் அட்மிரல் தினமும் காலையில என் மீசையைச் சீவி விடறான், டெஸ்பினா. ஒரு முடி விடாம. நேத்து எண்ணிப் பாத்தேன், இருநூத்துப் பதினாலு முடி. சீவி முடிச்சதும் என் அக்குள்ல தலையை விட்டுக்கிட்டு ஒரு தூக்கம். குறட்டை வேற! கீழ்வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டி, ‘யோவ் கிழவா, கொஞ்சம் மெதுவா விடு’ன்னு என்னைத் திட்டிட்டுப் போறாங்க.”

இதைச் சொன்ன நேரத்தில் ஸ்தமாத்தின் வலது கையில் மூன்று விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது. மூன்றும் அதே அட்மிரல் அந்த வாரத்தில் கொடுத்த பரிசுகள். கட்டுப்போட்ட கையை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டு, இடது கையால் போனைத் தூக்கிப் பிடித்து, இத்தாலியில், பொலோன்யாவில் இருக்கும் மனைவியின் முகத்துக்கு நேராக அவர் கூசாமல் சொன்னார்.

டெஸ்பினா சிரிக்கக்கூட இல்லை. “உன் நிழல் பட்ட தண்ணியைக்கூட அவன் குடிக்க மாட்டான். மீசையைச் சீவறானாம். போனை அந்தப் பக்கம் திருப்பு, பாக்கறேன்.”

“போனைப் பாத்தா வெக்கப்படறான்.”

“அட்மிரலுக்கு வெக்கமா? மேயர் ஓட்டுக் கேட்டு வந்தப்ப அவர் தொப்பியிலேயே வெளிக்குப் போனவன் அவன்.”

“வயசாகுதுல்ல. பக்குவம் வந்திருச்சு.”

“உனக்கு வராதது அவனுக்கு வந்திருச்சாக்கும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். பக்கத்து அறையில் அவள் பார்த்துக்கொள்ளும் இத்தாலியக் கிழவி படுத்திருந்தாள். “இங்க பாரு. இந்த அம்மாவுக்கு முடியல. அடுத்த கோடையைத் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். முடிஞ்சதும் நான் வரேன். என் கிளியைப் பாக்கணும். கூப்பிட்ட உடனே அவன் என்கிட்ட வராம உன்கிட்ட ஒட்டிக்கிட்டு நின்னான்னா, நீ சொன்னது நிஜம்னு நானே ஒத்துக்கறேன். போதுமா?”

போன் அணைந்தது. ஸ்தமாத் அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ‘என் கிளியைப் பார்க்கணும்’ என்றாளே தவிர, ‘உன்னைப் பார்க்கணும்’ என்று சொல்லவில்லை. அதன் அர்த்தம் அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். அவள் வருவாள், கிளியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் போய்விடுவாள், அதோடு தீர்ந்தது. கிளி இந்த வீட்டைவிட்டு நகராது என்றால்? அப்போது அவளும் நகர மாட்டாள். கணக்கு அவ்வளவுதான். அவள் தங்க வேண்டுமென்றால், அவிழ்த்துவிட்ட பொய்யை அவள் வருவதற்குள் உண்மையாக்கிவிட வேண்டும்.

இதில் ஒரே ஒரு இடைஞ்சல். அட்மிரலுக்கு ஸ்தமாத்தைப் பிடிக்காது. முப்பது வருஷமாகப் பிடிக்காது.

அது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. உடம்பெல்லாம் சாம்பல், வால் மட்டும் ரத்தச் சிவப்பு, அலகு பாக்குவெட்டி. ஸ்தமாத் மீன்பிடிக் கப்பலில் குளிர்சாதன மெக்கானிக்காக இருந்தவர். வருஷத்தில் எட்டு மாதம் ஆப்பிரிக்கக் கரையோரம்தான் வாசம். ஒரு தடவை, கல்யாணமான புதிதில், மனைவியின் பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் வராமல் போன குற்றத்துக்குப் பரிகாரமாக இந்தக் கிளியை வாங்கினார். சுங்கக்காரர்கள் கண்ணில் படாமலிருக்க, தலையில் ஒரு காலுறையை மாட்டி, பூட்ஸ் பெட்டியில் வைத்து, இயந்திர அறையில் நாற்பது நாள் ஒளித்துச் சொந்த ஊரான புர்காஸ் துறைமுகம் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து காலுறையை உருவியவள் டெஸ்பினா. அன்றைக்கு அட்மிரல் இரண்டு முகங்களை மனப்பாடம் செய்துகொண்டது: ஒன்று மாட்டிய முகம், மற்றொன்று உருவிய முகம்.

டெஸ்பினா இத்தாலிக்கு வேலைக்குப் போன இந்த ஐந்து வருஷமும் கிழவரும் கிளியும் எல்லைச் சண்டை போட்ட இரண்டு நாடுகள் மாதிரி ஒரே சமையலறையில் குடித்தனம் நடத்தினார்கள். அவர் நீளமான சூப் கரண்டியில் தீனி வைத்து நீட்டுவார். அது கரண்டியைக் கடித்து எறியும். அலுமினியக் கரண்டிகள் பதினேழு போயின. பதினெட்டாவதைக் கப்பல் பட்டறையில் சொல்லி எஃகில் செய்து வாங்கினார்.

மறுநாள் கீழே ப்ரொதானின் கராஜுக்குப் போனார். ப்ரொதான் சுங்க இலாகாவில் ஓய்வு பெற்றவர். கராஜில் கார் கிடையாது. இரண்டு நாற்காலி, ஒரு பீப்பாய் ராக்கியாச் சாராயம், கூரைமேல் எண்பது புறா.

“எப்பிடிக் கிட்டப் போறே?” என்று கேட்டார் ப்ரொதான்.

“நடந்துதான்.”

“நேரா?”

“பின்ன உருண்டா?”

“கண்ணைப் பாத்துக்கிட்டே?”

“ஒரு மரியாதைக்கு.”

“அட மடையா! ரெண்டு கண்ணாலயும் நேராப் பாக்கறது யாரு? பூனை பாக்கும், பருந்து பாக்கும். திங்கப்போறவன்தான் அப்பிடிப் பாப்பான். நீ முதுகைக் காட்டி உக்காரு. அது கழுத்து முடியைச் சிலுப்பினா ஒரு அடி பின்னால போ. வா வான்னு கூப்பிடாதே. கையை மேசைமேல மறந்து வச்சிட்டு வேற வேலையைப் பாரு.”

“கையை எப்பிடிடா மறக்கறது?”

“கட்டின பொண்டாட்டியை வருஷத்துல எட்டு மாசம் மறந்தவன்தானே நீ? ஒரு கையை மறக்க முடியாதா உனக்கு?”

ஸ்தமாத் அன்றே ஆரம்பித்தார். சமையலறை வாசலிலிருந்து கூண்டு வரைக்கும் தரையில் பதினோரு ஓடுகள். முதல் ஓட்டில் நாற்காலியைப் போட்டு, கிளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, ஊர்க் கதவுகளில் ஒட்டியிருக்கும் சாவு அறிவிப்புகளில் அன்று புதிதாகப் பார்த்தவற்றைச் சத்தமாக ஒப்பித்தார். வாரத்துக்கு ஒரு ஓடு முன்னால். சில வாரம் இரண்டு ஓடு பின்னால். அக்டோபரில் ஒருநாள் இருமித் தொலைத்ததற்காகப் பழையபடி வாசலுக்கே போக வேண்டியிருந்தது. நாற்காலிக் கால் தேய்ந்து தேய்ந்து கிறிஸ்துமஸுக்குள் அவர் முட்டி தாடையைத் தொட ஆரம்பித்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனிதன் மேல் பயம் குறையக் குறைய அட்மிரல் பேச ஆரம்பித்தது. டெஸ்பினாவின் குரலில்தான், அதுவும் இந்த டெஸ்பினா இல்லை, முப்பது வயது டெஸ்பினா. கப்பல் கம்பெனி மாதத்துக்கு ஒருமுறை ஏற்பாடு செய்துகொடுத்த போனில் அவள் பேசியதையெல்லாம் கிளி பொத்திப் பொத்தி வைத்திருந்தது.

“ஸ்தமாத்? கேக்குதா? எப்ப வருவே?” என்று கேட்கும். பிறகு கொஞ்சம் மௌனம். “சரி. சரி. இல்ல, ஒண்ணுமில்ல. சரி.” அதற்கப்புறம் போனை வைக்கும் ‘டக்’. அதற்கப்புறம் ஒரே ஒரு கோப்பையில் எதையோ ஊற்றும் சத்தம்.

ஸ்தமாத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கராஜில் போய் அதை அப்படியே நடித்துக் காட்டினார், ஊற்றும் சத்தம் உட்பட. ப்ரொதான் சிரிக்காமல் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னடா, புரியலையா?”

“புரிஞ்சுது,” என்றார் ப்ரொதான். “புறாவுக்குத் தீனி போடணும்.” எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி பாதியில் அட்மிரல் அவர் விரல் நுனியிலிருந்து அக்ரூட் பருப்பு வாங்கிக்கொண்டது. கடைசி வாரத்தில் மேசைமேல் மறந்து வைத்த கையின் மணிக்கட்டில் ஒரு காலை வைத்தது. ஒரே ஒரு கால். மற்றக் கால் மேசையில், ஓடுவதற்குத் தயாராக. ஸ்தமாத் ஒன்றேகால் மணி நேரம் மூச்சை விடவில்லை.

மார்ச் முதல் தேதி வந்தது. அன்றைக்கு ஊரில் கண்ணில் படும் உயிருக்கெல்லாம் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மார்த்தெனிசாக் கயிறு கட்டுவார்கள், வருஷம் முழுக்க நோய்நொடி அண்டாமலிருக்க. குழந்தை கையில் கட்டுவார்கள், ஆட்டுக்குட்டிக்குக் கட்டுவார்கள், பழமரக் கிளைக்குக் கட்டுவார்கள். ப்ரொதான் எண்பது புறாவுக்கும் கட்டிவிட்டு எண்பத்தொன்றாவதாகத் தன் கார் இல்லாத கராஜ் கதவுக்கும் கட்டினார். ஸ்தமாத் கப்பலில் குளிர்சாதன இயந்திரத்துக்கே கட்டியவர். அட்மிரலுக்கு மட்டும் எப்படிக் கட்டாமல் விடுவார்?

அன்று காலையில் அட்மிரல் முதன்முதலாகத் தலையைக் குனிந்து, பிடரியைச் சொறிய விட்டது. அவர் இடது கையால் சொறிந்துகொண்டே, உள்ளம் பொங்கி, வலது கையால் அதன் காலில் கயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார்.

அட்மிரல் போட்ட கூச்சலில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் நின்றுவிட்டன என்று பின்னால் சொல்வார். அது பறந்தது, கயிற்று நுனி கூண்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது, தலைகீழாகத் தொங்கி அடித்துக்கொண்டது. சிறகிலிருந்து ரத்தம். வேறு வழியில்லாமல் அவர் ஒரு துண்டை அதன் தலைமேல் போட்டு இறுகப் பிடித்துக் கயிற்றை அறுத்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்ததையே, அதே இரண்டு கைகளால், திரும்பவும் செய்தார்.

அதற்குப் பிறகு அட்மிரல் பேசவில்லை. தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கிப் போட்டது. ஏப்ரலில் பார்த்தால் சந்தைக் கோழி மாதிரி நெஞ்சு தோலாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை போனில் டெஸ்பினா கேட்டாள்: “என்ன, மீசை சீவறானா?”

“இப்ப நடு வகிடு எடுக்கறான்,” என்றார் ஸ்தமாத். போனை வைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு, அதையும் தாண்டி நடைபாதைக்குப் போனார். அங்கேயிருந்து திரும்ப ஆரம்பித்தார். நடைபாதையில் ஓடு கிடையாது. சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார்.

ஜூன் வந்தது. கூண்டிலிருந்து இரண்டு ஓடு தள்ளி உட்கார்ந்து, பீன்ஸ் சூப்போடு பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தார். கொலைகார மிளகாய். அதன் விதை ஒன்று தெறித்து ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது, அவ்வளவு காரம். கண்ணீர் தாரை தாரையாக ஓட, அவர் வாயைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தபோது தோளில் ஏதோ கனம். அசையவில்லை. அட்மிரல் தோளிலிருந்து கையின் வழியாக இறங்கி, தட்டிலிருந்த மிளகாயை எடுத்து, சர்க்கரைக் கட்டியைப் போலக் கடகடவென்று தின்றது. கிளிக்குக் காரம் தெரியாது. அவர் கண்ணில் ஓடும் தண்ணீரை ஒரு கண்ணால் சாய்த்துப் பார்த்தது. பிறகு மீசையில் ஒட்டியிருந்த விதையைப் பொறுக்கியது. இன்னும் ஒன்று. விதை தீர்ந்த பிறகும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முடியாக அலகில் இழுத்து இழுத்து விட்டது.

அப்படியாக, இருநூற்றுப் பதினாலு முடிகளும் சீவப்பட்டன. அழுதது மிளகாய்க்குத்தானா என்று ஸ்தமாத்திடம் யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் பெரிய இடிமழை. முதல் இடிக்கே அட்மிரல் பறந்து வந்து அவர் சட்டைக்குள் புகுந்து அக்குளில் தலையை வைத்துக்கொண்டது. மழை அரைமணியில் நின்றது. அது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தது. அந்த வாரமே டெஸ்பினாவின் இத்தாலியக் கிழவி இறந்துபோனாள்.

செப்டம்பரில், ஊரெல்லாம் பால்கனிகளில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டெஸ்பினா வந்தாள். கையில் ஒரு பெட்டி. வேன்காரன் இன்னும் நான்கு அட்டைப்பெட்டிகளைத் தூக்கிவந்து நடையில் வைத்துவிட்டுப் போனான். அவள் மாறியிருந்தாள், தலை நரைத்திருந்தது. ஸ்தமாத் அதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் பார்வை கிளிமேலேயே இருந்தது.

டெஸ்பினா சமையலறை வாசலில் நின்று, நாக்கை மடித்து அவளுடைய அந்தப் பழைய சீழ்க்கையை அடித்தாள். “அட்மிரல், என் ராசா. வா.” கையை நீட்டினாள்.

அட்மிரல் அவளைப் பார்த்தது. தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தது. பிறகு மேசைமேல் நடந்து, ஸ்தமாத்தின் சட்டைக்கையைப் பற்றி ஏறி, தோளில் உட்கார்ந்து, மீசையைச் சீவ ஆரம்பித்தது.

“பாத்தியா!” ஸ்தமாத் துள்ளினார். “நான் சொன்னேன்ல? சொன்னேன்ல? இரு, இப்ப பாரு, அக்குளுக்குப் போவான். போறான் பாரு! இப்ப என்ன சொல்றே?”

டெஸ்பினா நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. ஏதாவது வந்து உட்காரலாம் என்பதுபோல இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். “எப்பிடிப் பண்ணினே?” என்று மட்டும் கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம். ஸ்தமாத் எல்லாவற்றையும் சொன்னார். ஓடுகளைக் காட்டினார், சாக்பீஸ் கோடுகளைக் காட்டினார். காலையில் மூன்று மணி, மாலையில் மூன்று மணி. வா வா என்று கூப்பிடாமல், அவசரப்படாமல், அது என்ன நினைக்கிறது, எதற்குப் பயப்படுகிறது, இன்றைக்கு மனசு சரியாக இருக்கிறதா என்று முதுகாலேயே பார்த்தபடி. பதினாலு மாதம். ஒருநாள்கூட விடவில்லை. முதலில் வாய் தவறிச் சொன்ன பொய் என்பதையும் பெருமை தாங்காமல் உளறிக் கொட்டினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரைக்கும் கேட்டாள்.

மூன்று நாள் இருந்தாள். இருபது கிலோ குடைமிளகாய் வாங்கிச் சுட்டு, தோலுரித்து, பாட்டில்களில் அடைத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், விரலெல்லாம் கரியும் மிளகாய்ச் சாறுமாக, தலையைத் தூக்காமலே சொன்னாள்: “நாளைக்கு வேன் இருக்கு. போறேன்.”

“எங்க?”

“பொலோன்யா. பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவர். படுக்கையில இருக்கார்.”

“வந்து மூணு நாள்தானே ஆச்சு! அப்ப அந்த நாலு பெட்டி?”

“இருக்கத்தான் வந்தேன்.” மிளகாயின் காம்பைத் திருகினாள். “குளிர் கோட்டு, பாத்திரம் பண்டம் எல்லாம் கொண்டுவந்தேன். அட்மிரல் அங்க காத்துக்கிட்டிருக்கான், அந்த வீட்டுல ஒருத்தனாவது என்னை எதிர்பாத்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சு வந்தேன்.”

“ஒரு கிளி தோள்ல வந்து உக்காரலைன்னு யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா?”

“கிளிமேல எனக்கென்ன கோபம்? அதுக்குப் பாவம், ஆறு வருஷம்.” இப்போது நிமிர்ந்து பார்த்தாள். “உனக்குப் பொறுமைன்னா என்னன்னே தெரியாதுன்னு நெனச்சிருந்தேன், ஸ்தமாத். கடல்ல கெடந்த மனுஷன், இரும்போட இருந்தவன், யார்கிட்டயும் உக்காந்து பழகத் தெரியாதவன். அப்பிடி நெனச்சுத்தான் முப்பது வருஷமா உன்னை மன்னிச்சுக்கிட்டே இருந்தேன். இப்ப பாத்தா உனக்குத் தெரிஞ்சிருக்கு. நல்லாவே தெரிஞ்சிருக்கு.”

ஸ்தமாத் வாயைத் திறந்தார். அட்மிரல் அவர் தோளிலிருந்து, முப்பது வயது டெஸ்பினாவின் குரலில், “எப்ப வருவே? சரி. சரி. இல்ல, ஒண்ணுமில்ல,” என்றது. தன் குரலைக் கேட்டுக்கொண்டே டெஸ்பினா அடுத்த மிளகாயை எடுத்தாள். ஸ்தமாத்துக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டியதையெல்லாம் இடிக்கப் பார்த்தார். கிளியை நேருக்கு நேர் முறைத்தார். கையைத் தட்டினார். சிவப்புத் துண்டை எடுத்துத் தலைக்குமேல் சுழற்றினார். “போடா! அவகிட்டப் போ! கடிடா என்னை, நாயே, கடி!” என்று அதன் வாய்க்குள் விரலைத் திணித்தார். அட்மிரல் அந்த விரலை நாக்கால் தொட்டுப் பார்த்தது. துண்டுக்குப் பயந்து, இன்னும் ஆழமாக அவருடைய சட்டைக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. பதினாலு மாத வேலை. கப்பலில்கூட அவர் இத்தனை கெட்டியாக எதையும் முடுக்கியதில்லை.

மறுநாள் காலை, சந்தைக்குப் பின்னால் இத்தாலி வேன் நின்றது. பிரிக்கப்படாத நான்கு பெட்டிகளும் திரும்ப ஏறின. டெஸ்பினா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஸ்தமாத் கீழே நின்றார். வீட்டில் விட்டுவிட்டு வர எவ்வளவு பார்த்தும் அட்மிரல் விடவில்லை. இப்போது அவர் கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி மீசையில் மும்முரமாக இருந்தது. அவர் அலகைத் தள்ளித் தள்ளிவிட்டார். அது திரும்பத் திரும்ப வந்தது.

வேன்காரன் எஞ்சினைப் போட்டான்.

“டெஸ்பினா.” ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “நான் சொன்ன ஒண்ணையாவது நீ என்னிக்காவது நம்பியிருக்கியா? திமிங்கலம் வலையைத் தச்சுக் கொடுத்துச்சுன்னேன், நம்பலை. கேப்டன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்னேன், நம்பலை. இதையும் நம்பாதே. பொய்னு சொல்லு. ஸ்தமாத் வழக்கம்போலப் புளுகினான், அப்பிடி ஒண்ணும் நடக்கவே இல்லைன்னு சொல்லிட்டு எறங்கு. எறங்கும்மா.”

டெஸ்பினா கிளியைப் பார்த்தாள். அது ஒரு முடியை முடித்துவிட்டு அடுத்த முடிக்குப் போயிற்று.

“இல்ல, ஸ்தமாத்,” என்றாள். “இது நடந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்.”